அரசின் வரைவு விதிகளுக்கு மாணவர்கள் கருத்து அனுப்பினால் பயன் உண்டா? எப்படி எழுதுவது?

மூன்றாமாண்டு:
வணக்கம். வெவ்வேறு துறைகளில் இளங்கலை படிக்கும் பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். ஆர்ப்பாட்டம், கையெழுத்து இயக்கம் தாண்டி, அரசு வெளியிடும் வரைவு அறிவிக்கைகளுக்கு முறையாகக் கருத்து அனுப்ப விரும்புகிறோம். எங்களில் யாரும் சட்டம் படிக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது? ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட வேண்டுமா? பாதிப் பேர் விடுதியில் இருப்பவர்கள், அவர்கள் இங்குள்ள கிராம சபையில் பேச முடியுமா?

கெஜட் வாசகர்:
பயன் உண்டு, ஆனால் எழுதும் விதத்தைப் பொறுத்தது. விதி எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறதோ அந்தத் தாய்ச் சட்டம் 'முன்வெளியீடு செய்த பிறகே (அதாவது வரைவை முதலில் பொதுவெளியில் வைத்த பிறகே) விதி இயற்ற வேண்டும்' என்று சொன்னால், 1897ஆம் ஆண்டு பொது வாசகங்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, கெடுவுக்குள் வந்த ஆட்சேபனைகளைப் பரிசீலித்தே ஆக வேண்டும். அது அதிகாரியின் கருணை அல்ல, கடமை. ஒன்றிய அமைச்சகங்களுக்கு 2014இல் வந்த கலந்தாய்வுக் கொள்கையும் உண்டு: சட்ட வரைவு குறைந்தது 30 நாள் பொதுவெளியில் இருக்க வேண்டும். ஆனால் அது வெறும் கொள்கைதான், சட்டம் இல்லை.

முதலில் கெஜட் (அரசிதழ்) பிரதியை எடுங்கள், செய்தித்தாள் சுருக்கத்தை நம்பி எழுதாதீர்கள். கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பது அதன் முதல் பத்தியிலேயே இருக்கும். அறிவிக்கையில் போட்டிருக்கும் தேதியும் கெஜட் வெளியான தேதியும் வேறு வேறாக இருக்கலாம். 2020 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவில் போட்டிருந்தது மார்ச் 23, கெஜட்டில் வந்தது ஏப்ரல் 11. அந்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் வெளியிடச் சொல்லி, கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது தில்லி உயர் நீதிமன்றம். ஆகவே தமிழில் வரைவு கேட்டு எழுதுவதும் முறையான கோரிக்கைதான்.

கடிதத்தில் ஒவ்வொரு ஆட்சேபனைக்கும் நான்கு விஷயம் இருக்கட்டும்: பிரிவு எண், இப்போதைய வாசகம், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்குப் பதில் நீங்கள் கேட்கும் வாசகம். பலரும் கோட்டைவிடுவது நான்காவதில்தான். அதே 2020 வரைவை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் தர வேண்டிய அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைத்திருந்தார்கள். 'இது மக்கள் விரோதம்' என்று எழுதினால் கோப்பில் எதிர்ப்பு என்று ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். 'இருபது நாட்கள் என்பதை நீக்கி முப்பது நாட்கள் என்று வைக்கவும். பல நூறு பக்க அறிக்கையைப் படித்து, தமிழ்ச் சுருக்கத்தோடு ஒப்பிட்டு, ஊரில் விளக்க இருபது நாள் போதாது' என்று எழுதினால் அதற்கு அவர்கள் பதில் யோசித்தாக வேண்டும்.

பதினைந்து பேரும் ஒரே மின்னஞ்சலை நகலெடுத்து அனுப்ப வேண்டாம். நூறு வந்தாலும் ஒரே கருத்து என்று கட்டிவிடுவார்கள். பிரிவுகளைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வேதியியல் மாணவர் கழிவுநீர் அளவுகோலைப் பார்க்கட்டும், வணிகவியல் மாணவர் கட்டணத்தையும் அபராதத்தையும் பார்க்கட்டும். மின்னஞ்சலோடு பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி போகட்டும்.

பிரிவு 6(1):
மேலே சொன்னதோடு ஆர்டிஐ பற்றி. பதில் தர 30 நாள் அவகாசம் இருப்பதால், 30 நாள் கெடு உள்ள வரைவுக்கு இப்போது மனுப் போட்டால் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும். அதற்குப் பதில் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கும் தரவுகளைத் தேடுங்கள்: மானியக் கோரிக்கையின்போது (துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதம்) ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, நாடாளுமன்றக் கேள்வி பதில், சிஏஜி (அரசுக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை. மூன்றும் இணையத்தில் இலவசம். 60 நாள் கெடு என்றால் முதல் வாரமே ஆர்டிஐ போட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். தகவல் எதற்கு என்று சொல்லத் தேவையில்லை, ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 6(2) அதைத்தான் சொல்கிறது. 'ஏன் பேருந்து விடவில்லை?' என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள். 'இந்தத் தடத்தில் 2023 ஜூன் முதல் 2024 மே வரை ரத்தான நடைகளின் மாதவாரிப் பதிவேட்டு நகல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3)படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தபால் ரசீதைத் தொலைத்தால் மேல்முறையீட்டில் திண்டாட வேண்டியிருக்கும்.

குழுவின் பெயரில் போட வேண்டாம். சட்டம் உரிமை தருவது குடிமகனுக்கு, ஆகவே ஒருவர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்திடட்டும்.

வார்டு 7:
விடுதி மாணவர்கள் விஷயம்: கிராம சபை உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) கணக்கிலும் வரமாட்டீர்கள், தீர்மானத்திலும் சேர முடியாது. விடுதி முகவரிக்குப் பெயரை மாற்றலாம். படிப்பு ஓராண்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும், கல்லூரி முதல்வரின் போனஃபைட் சான்று வேண்டும். புதிதாகச் சேர படிவம் 6, ஏற்கெனவே ஊரில் பெயர் இருந்தால் படிவம் 8. இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு. சட்டமன்ற வாக்கும் இங்கே வந்துவிடும் என்பதை யோசித்து முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், விடுமுறைக்குப் போகும் சொந்த ஊரிலேயே பேசுவது நல்லது. கிராம சபை கூடும் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் விடுமுறை நாட்கள்தானே.

மூன்றாமாண்டு:
மிக்க நன்றி. எங்கள் மாவட்டத்தில் ஒரு ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வரப்போகிறது. அதற்கும் வாக்காளர் பட்டியல் தேவையா?

கெஜட் வாசகர்:
தேவையில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அங்கே வந்திருக்கும் எவரும் விளக்கம் கேட்கலாம், கோரமும் கிடையாது. ஆலையின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி கலெக்டர் ஆபீஸிலும் மாவட்டத் தொழில் மையத்திலும் இருக்கும், முன்பே போய்ப் படியுங்கள். நிலத்தடி நீர் எடுக்கும் அளவு ஆங்கில அறிக்கையிலும் தமிழ்ச் சுருக்கத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேசுவதையே எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் முன் தமிழில் வாசிக்க வேண்டும். பலரும் அதற்குள் கிளம்பிவிடுவார்கள். உங்களில் இரண்டு பேராவது இருந்து, சொன்னது அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். விடுபட்டிருந்தால் கையெழுத்தாகும் முன் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். 8 நாளுக்குள் அந்தக் குறிப்பு அனுமதி பற்றி முடிவெடுக்கும் அமைப்புக்குப் போய்விடும்.