சின்ன பட்டறைக்கு ஐ.சி.எஃப், மணலி டெண்டர்: எங்கே தொடங்குவது?

வியாசை ஷீட்மெட்டல்:
வியாசர்பாடியில் பட்டறை. ஷியரிங், பிரஸ் பிரேக், மிக் வெல்டிங், ஒரு லேத், ஆள் 7 பேர். ஜிஎஸ்டி, உதயம் (சிறு நிறுவனப் பதிவு) இரண்டும் இருக்கு. இப்போதைக்குத் தனியார் ஜாப் ஒர்க் மட்டும்தான். ஐ.சி.எஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), மணலி, எண்ணூர் கம்பெனிகள் எல்லாம் பக்கத்துலதான், ஆனா டெண்டரைத் திறந்தா டர்ன்ஓவர், முன் அனுபவம், இஎம்டி (டெண்டரோட கட்டற முன்வைப்புப் பணம்)னு ஒரே மிரட்டல். விலையைக் குறைச்சுப் போட்டா போதுமா?

கவர் ரெண்டு:
போதாது சார். விலைக் கவரைத் திறக்கறதுக்கு முன்னாடியே தகுதி ஆவணங்கள் வைக்கற டெக்னிக்கல் கவர்ல அடிபடறதுதான் சின்னவங்களுக்கு வழக்கம்.

முதல்ல ஒண்ணு பாருங்க: உதயம் சான்றிதழ்ல முக்கியத் தொழில் ‘உற்பத்தி’ன்னு இருக்கணும். ‘வணிகம்’னு இருந்தா கொள்முதல் சலுகை கிடையாது, 2021-ல வியாபாரிகளைச் சேர்த்தது முன்னுரிமைக் கடனுக்காக மட்டும்தான்.

ஐ.சி.எஃப் டெண்டர் ரயில்வேயோட ஐஆர்இபிஎஸ் தளத்துல வரும். மத்தியப் பொதுத்துறை கம்பெனிகள் மத்திய அரசோட கொள்முதல் தளமான ஜெம்ல வாங்கும். மாநகராட்சி, மின் வாரியம், குடிநீர் வாரியம் எல்லாம் மாநில அரசோட டிஎன் டெண்டர்ஸ் தளம். எது மத்திய அரசு, எது மாநில அரசுங்கற இந்தப் பிரிவு முக்கியம். சிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் ஆணை மத்திய அரசோடது; இஎம்டி விலக்கு, இலவச டெண்டர் படிவம் எல்லாம் அதுலதான். மாநிலத் துறைக்கு 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தனி. மத்திய விலக்கை நம்பி அங்கே இஎம்டி கட்டாம விட்டா கவர் அப்பவே தள்ளுபடி. விலக்கு உண்டான்னு அந்தந்த டெண்டர் நிபந்தனையைப் படிச்சுட்டுப் போடுங்க.

டர்ன்ஓவர், அனுபவத்துக்கு: ஜெம் பிட் ஆவணத்துல சிறு நிறுவனங்களுக்கு விலக்கு ‘ஆம் / இல்லை’ன்னு ஒரு வரி இருக்கும். ‘இல்லை’ன்னா அந்த டெண்டர்ல நேரத்தைக் கொட்டாதீங்க.

கொருக்குப்பேட்டை கணக்கு:
மேலே சொன்னது சரி. விலை பத்தி நான் சொல்றேன், எல்லாரும் தப்பு பண்றது இங்கதான்.

மத்திய ஆணைப்படி, எல்1 (இருக்கறதுலேயே குறைஞ்ச விலை போட்டவர்) ஒரு பெரிய கம்பெனியா இருந்து, உங்க விலை அதிலிருந்து 15 சதவீதத்துக்குள்ள இருந்தா, எல்1 விலைக்கு வர்றீங்களான்னு கேட்பாங்க. ஒத்துக்கிட்டா டெண்டர் அளவுல 25 சதவீதம் கிடைக்கும். அந்த வரம்புக்குள்ள இன்னும் சில சிறு நிறுவனங்கள் இருந்தா பங்கு பிரியும். பிரிக்க முடியாத டெண்டர்னா முழுசும் வரலாம். எல்1-ஏ ஒரு சிறு நிறுவனம்னா இந்தப் பேச்சே இல்ல. அதாவது நீங்க 112 போட்டு, எல்1 100-ன்னா, 100-க்குச் செய்ய முடியுமான்னு டெண்டர் போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

அடிவிலையை எப்படிப் பிடிக்கறது? டிராயிங்ல போட்டிருக்கறது நெட் வெயிட், அதாவது முடிஞ்ச பீஸோட எடை. உதாரணத்துக்கு 2 மிமீ எம்எஸ் (சாதா இரும்பு) ஷீட், 1250 × 2500 சுமார் 49 கிலோ. ஒரு பீஸ் 3.6 கிலோன்னா 13 பீஸ் வரும்னு கணக்கு சொல்லும். நெஸ்டிங், அதாவது ஷீட்ல பீஸ்களை அடுக்கிப் போட்டுப் பார்த்தா 11 தான் உட்காரும்னு வையுங்க. அப்போ உங்க இரும்புச் செலவு பீஸுக்கு 4.45 கிலோ, ஸ்கிராப் வித்த காசு தனி. இதுக்கு மேல பவுடர் கோட்டிங், பேக்கிங், டிப்போ வரைக்கும் வண்டி வாடகை, டெஸ்ட் சர்டிபிகேட். ரேட் ‘ஃபிக்ஸட்’னா டெலிவரி முடியறவரை இரும்பு விலை ஏறினாலும் உங்க தலையிலதான். தாமதமானா வாரத்துக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் பிடிப்பதுதான் பரவலான நிபந்தனை. மார்ஜின் 8 சதவீதம் வச்சவனுக்கு கைக்காசு போயிடும்.

ஜெம்ல ரிவர்ஸ் ஏலம் (விலையைக் குறைச்சுக்கிட்டே போற ஏலம்) வேற வரும். அந்த அடிவிலையைத் தாள்ல எழுதிப் பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருங்க. ஏலச் சூட்டுல மனசு சும்மா இருக்காது.

வியாசை ஷீட்மெட்டல்:
நன்றிண்ணே. ஐ.சி.எஃப்ல ‘அங்கீகரித்த வெண்டர்’னு போட்டிருக்கே, அதுக்கு என்ன வழி? ஜெயிச்சாலும் பணம் வர எத்தனை நாள் ஆகும்?

கவர் ரெண்டு:
எல்லாப் பொருளுக்கும் அங்கீகாரம் கேட்க மாட்டாங்க. ஐஆர்இபிஎஸ்ல அந்தக் கட்டுப்பாடு இல்லாத பிராக்கெட், கவர், பாக்ஸ் மாதிரியானதைத் தேடி அதுல தொடங்குங்க. டிராயிங் எண்ணோட ‘ஆல்ட்’ (திருத்தம்) எழுத்தையும் பாருங்க. பழைய ஆல்ட்டை வச்சுச் செஞ்சா இன்ஸ்பெக்‌ஷன்ல மொத்த லாட்டும் திரும்பும். கட்டுப்பாடு உள்ள பொருளுக்கு ஆன்லைன்ல வெண்டர் பதிவு விண்ணப்பம் தனி. மெஷின் பட்டியல், அளவு கருவிகளோட காலிபரேஷன் சான்று, தர ஆய்வுத் திட்டம் கேட்பாங்க. இருக்கறது ஒரு வெர்னியர்தான்னா இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மணலி பில்:
பணம் பத்தி. 10 லட்சத்துக்குப் பில் போட்டா 18 சதவீதத்துல ஜிஎஸ்டி 1.80 லட்சம். காசு வந்தாலும் வராட்டியும் அடுத்த மாச ரிட்டர்ன்ல கட்டணும், இன்புட் கிரெடிட் (வாங்கின சரக்குக்கு நீங்க கட்டின ஜிஎஸ்டி) போக மீதி. 2.5 லட்சத்துக்கு மேல ஒப்பந்தம்னா 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் (பில்லுலேயே வரிப் பிடித்தம்) பிடிப்பாங்க. அது இழப்பு இல்ல, ஜிஎஸ்டி போர்ட்டல்ல அக்செப்ட் கொடுத்தா அங்கே உங்க கேஷ் லெட்ஜர் கணக்குக்கு வரும். கொடுக்க மறந்துட்டு காசைக் காணோம்னு தேடறவங்க ஏராளம்.

சிறு நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும், சரக்கை ஏத்துக்கிட்ட நாள்லேருந்து 45 நாளுக்கு மேல போகக்கூடாது. மீறினா ரிசர்வ் வங்கி ‘பேங்க் ரேட்’டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி, அரசுத் தளத்துல ஆன்லைனா மனு போடலாம். உதயம் பதிவு ஆர்டருக்கு முன்னாடியே இருக்கணும், எண்ணைப் பில்லுல அச்சடிங்க. ஆனா அடுத்த ஆர்டரை நினைச்சு யாரும் முதல் நாளே மனு போடறதில்ல. அதனால வாங்கற கம்பெனி டிரெட்ஸ்ல (பில்லை வச்சுப் பணம் வாங்கற ஆன்லைன் தளம்) இருக்கான்னு கேளுங்க. பில்லை அவங்க ஏத்துக்கிட்டா வங்கி கொஞ்சம் கழிச்சுக்கிட்டு முன்னாடியே பணம் கொடுக்கும். சரக்கு ஏத்துக்கிட்டதுக்கான ரசீது இல்லாம இது எதுவும் நகராது, லாரி டிரைவர்கிட்டயே அதைக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை கணக்கு:
ஒண்ணு விட்டுட்டேன். டிஎன் டெண்டர்ஸ்ல விலைப்பட்டியல் எக்செல் ஃபைலோட பேரை மாத்தாதீங்க, ஏத்துக்காது. டிஜிட்டல் கையெழுத்துக்கு கிளாஸ் 3 டோக்கன் வேணும், காலாவதி தேதியைப் பார்த்துக்குங்க. எல்லாம் அப்லோட் பண்ணிட்டு ‘ஃபிரீஸ்’ அழுத்தலைன்னா டெண்டர் போட்டதாவே கணக்கில்ல. நேரத்தை உங்க செல்போன்ல பார்க்காதீங்க, தளத்துல ஓடற சர்வர் கடிகாரம்தான் செல்லும்.