வலை கிழியவில்லை, தாழ்ப்பாளும் போட்டபடி இருக்கிறது. கோழி மட்டும் செத்துக் கிடக்கிறது

பின்வாசல்:
பின்பக்கம் 10 அடிக்கு 12 அடி இடம், நாலு பெட்டைக் கோழி. மரச்சட்டத்தில் அறுகோணக் கண் கோழிவலையை யூ ஆணியால் அடித்த கூண்டு. காலையில் ஒன்று தலையில்லாமல் வலையோரம் கிடந்தது. மண் தோண்டிய தடமும் இல்லை. மீதி மூன்றைக் காப்பாற்ற முதலில் எதைச் செய்வது?

சட்டம்_பலகை:
உள்ளே எதுவும் வரவில்லை. வலையை ஒட்டி அடைந்திருந்த கோழியை வெளியிலிருந்தே பிடித்து இழுத்திருக்கிறது. மரநாய், பூனை இரண்டுக்கும் அது முடியும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, நகராமல் உட்கார்ந்திருக்கும்.

இன்றிரவே அடையும் கம்பை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரு அடியாவது உள்ளே தள்ளுங்கள். அந்த உயரத்துக்குச் சுற்றிப் பலகை அடித்து மறையுங்கள். காற்றுக்கு மேலே திறப்பு இருக்கட்டும், அதிலும் வலை வேண்டும்.

அடுத்தது வலை. கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும், நாய் கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (கம்பிகள் சேரும் இடங்களைப் பற்றவைத்த வலை) போடுங்கள். நாய்த் தொல்லை இருந்தால் கீழ் 2 அடிக்கு வெளிப்பக்கம் 1.6 மி.மீ. கம்பியில் இன்னொரு அடுக்கு. வெல்டிங்குக்குப் பிறகு துத்தநாகம் பூசியதா என்று பார்த்து வாங்குங்கள். முன்பே பூசியதில் பற்றவைத்த இடங்கள்தான் முதலில் துருப்பிடிக்கும். யூ ஆணி மட்டும் போதாது, வலையை ஆட்ட ஆட்டக் கழன்று வரும். அரை அடிக்கு ஒரு திருகாணி, அகலமான வாஷரோடு.

மண்வெட்டி:
இன்று தோண்டவில்லை என்றால் நாளை தோண்டாது என்றில்லை. சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்கு வலையைப் புதைத்துவிடுங்கள்.

சட்டம்_பலகை:
சிறிய தோட்டத்தில் புதைப்பது வேர்களையும் வெட்டும், துருவும் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றரை அடி அகல வலையை கூண்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து, சட்டத்தோடு பிணைத்து, வளைத்த கம்பியால் மண்ணில் இறுக்கினால் போதும். மேலே புல் முளைத்து மூடிக்கொள்ளும். தோண்டுகிற பிராணி சுவரோரம்தான் தொடங்கும். காலடியில் வலை தட்டினால், பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

பின்வாசல்:
மேல்பக்கம்? பாம்பு?

தீவனத்தட்டு:
பருந்துக்கு நைலான் வலை போதும், ஆனால் பூனையும் மரநாயும் ஏறும் இடத்தில் அது நிற்காது. மேலேயும் கம்பிவலைதான். தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, 3 அடிக்கு ஒரு குறுக்குச்சட்டம் கொடுங்கள்.

கோழியை விழுங்குகிற அளவு பாம்பு அரை அங்குலக் கண்ணில் நுழையாது. முட்டைக்கும் குஞ்சுக்கும் வருவது அதைவிடச் சிறியது. குஞ்சு இருந்தால் அந்த அறைக்கு மட்டும் கால் அங்குல வலை. பாம்பை அழைத்து வருவது எலி, எலியை அழைத்து வருவது தீவனம். அந்தி சாய்வதற்குள் தட்டை எடுத்து, மூடியுள்ள தகர டப்பாவில் கொட்டிவிடுங்கள். முட்டையையும் இரவில் விடாதீர்கள்.

கதவில் வெறும் கொக்கி இருந்தால் மூக்கால் தட்டியே திறந்துவிடும். தாழ்ப்பாளின் துளையில் ஸ்பிரிங் கொக்கி மாட்டுங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உங்கள் விரல் நுழைந்தால் அந்த இடுக்கைத் தகடு வைத்து மூடுங்கள், கீரி வர்க்கத்தில் சிறியவற்றுக்கு அதிக இடம் தேவையில்லை.

எண்ணிப் பார்த்துவிட்டு, கோழி அடைந்த உடனே கதவைச் சாத்துங்கள். வந்தது ருசி கண்டிருக்கிறது, அடுத்த சில இரவுகளில் திரும்ப வரும். பலகையை இன்றே அடியுங்கள்.