சத்துவாச்சாரி நம்ம தெரு குழு: ஏசிக்கு கேஸ் அடிக்கறதா, மாத்தறதா?

ஏப்ரல் 12

[காலை 7:42] மாடி வீட்டு அக்கா: எல்லாருக்கும் வணக்கம். மேல் ரூம் ஏசியில காத்து வருது, ஜில்லுனு இல்ல. 2014 மெஷின், 1.5 டன், 3 ஸ்டார், ஆர்-22 கேஸ். நேத்து சர்வீஸுக்கு வந்தவர் கேஸ் தீர்ந்துடுச்சு, அடிக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டார். போன வருஷமும் இதே சொல்லித்தான் அடிச்சாங்க. அக்னி நட்சத்திரத்துக்குள்ள முடிவு பண்ணணும். அடிக்கறதா, மெஷினையே மாத்தறதா?

[7:51] காட்பாடி ஏசி அண்ணன்: அக்கா, கேஸ் தீராது. வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி செலவாகற பொருள் இல்ல அது. மூடின குழாய்க்குள்ளயே சுத்திக்கினு இருக்கும். குறைஞ்சிருந்தா எங்கியோ ஓட்டை கீதுன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம வருஷா வருஷம் அடிச்சா அது ஓட்டைக் குடத்துல தண்ணி மொள்ளற கதைதான்.

[7:53] காட்பாடி ஏசி அண்ணன்: அதுக்கு முன்னாடி, நிஜமாவே கேஸ்தானான்னு பார்க்கணும். ஃபில்டரைக் கழட்டிக் கழுவிட்டு ஏசியை 15 நிமிஷம் ஓட விடுங்க. அப்புறம் மொட்டை மாடிக்குப் போய் அவுட்டோர்ல மூணு விஷயம் பாருங்க. ஃபேன் சுத்துதா? கம்ப்ரசர் சத்தம் விடாம வருதா, இல்ல உம்முனு உறுமிட்டு அஞ்சாறு செகண்டுல நின்னுடுதா? பக்கவாட்டுல வர்ற ரெண்டு காப்பர் பைப்புல எதுல பனி கட்டியிருக்கு?

[8:20] மாடி வீட்டு அக்கா: பார்த்துட்டேன் அண்ணே. ஃபேன் சுத்துது. கம்ப்ரசரும் விடாம ஓடுது. ஒல்லி பைப் நட்டுகிட்ட வெள்ளையா பனி. தடி பைப் சூடும் இல்ல, ஜில்லுனும் இல்ல. போட்டோ போட்டிருக்கேன்.

[8:26] காட்பாடி ஏசி அண்ணன்: அப்போ கேஸ் குறைவுதான். ஒல்லி பைப்புல மட்டும் பனி, தடி பைப் வெறுமனே இருக்குன்னா அதான் அடையாளம். ஃபில்டரோ காயிலோ அழுக்கா இருந்தா தடி பைப்பும் சேர்ந்து பனி கட்டும். கம்ப்ரசர் உறுமிட்டு நின்னா பெரும்பாலும் கெப்பாசிட்டர், அதாவது கம்ப்ரசரைக் கிளப்பி விடற பாகம், போயிருக்கும். பழைய 1.5 டன்னுல 45, 50 மைக்ரோ ஃபாரட் போட்டிருப்பாங்க, மேலயே எழுதியிருக்கும். மீட்டர்ல அளக்கும்போது அதுல பத்து பர்சென்டுக்கு மேல குறைஞ்சா மாத்திடணும். நீங்களா கை வைக்காதீங்க, மெயினை அணைச்ச பிறகும் அதுல கரண்ட் தேங்கி நிக்கும்.

[8:29] காட்பாடி ஏசி அண்ணன்: போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். தடி பைப் நட்டுக்குக் கீழ எண்ணெய் ஊறி தூசி அப்பிக்கினு கருப்பா ஒரு கறை கீது பாருங்க. கேஸ் கசியும்போது கம்ப்ரசர் ஆயிலையும் கொஞ்சம் இழுத்துக்கினு வரும். அந்தக் கறைதான் ஓட்டையோட விலாசம். கெட்டியா சோப்புத் தண்ணி கரைச்சு நட்டு மேல பிரஷ்ஷால தடவுங்க. ஏசியை அணைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தடவணும், அப்போதான் தடி பைப்புல அழுத்தம் ஏறும். இண்டோர்ல ரெண்டு நட், அவுட்டோர்ல ரெண்டு நட், வால்வு மூடி ரெண்டு. நிறைய கசிவு இந்த ஆறு இடத்துலயே மாட்டிடும்.

[8:40] எதிர் வீட்டு தம்பி: அண்ணே, அங்க எல்லாம் சோப்பு நுரை வரலன்னா?

[8:47] காட்பாடி ஏசி அண்ணன்: மீதி கேஸை சிலிண்டர்ல மீட்டு எடுத்துட்டு நைட்ரஜன் ஏத்தி நிறுத்தணும் தம்பி. ஆர்-22 மெஷினுக்கு 300 பிஎஸ்ஐ அழுத்தம் வச்சு ஒரு ராத்திரி விடுவோம். நம்ம ஊர்ல ஒண்ணு கவனிக்கணும். மதியம் 40 டிகிரி வெயில்ல 300 வச்சா, விடியக்காலம் 25 டிகிரியில முள்ளு 285 காட்டும். அது கசிவு இல்ல, குளிர்ந்ததால இறங்கினது. மறுநாள் அதே மதியத்துல பார்த்துத்தான் முடிவு பண்ணணும். காலையிலயே பார்த்துட்டு காயில் போச்சுன்னு சொல்றவங்க உண்டு.

[8:49] காட்பாடி ஏசி அண்ணன்: இன்னொண்ணு, எல்லாரும் மனசுல வச்சுக்கங்க. நைட்ரஜன் கிடைக்கலன்னு யாராவது வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டாந்தா வீட்டுக்குள்ளயே விடாதீங்க. கம்ப்ரசர் ஆயில்ல அழுத்தமான ஆக்சிஜன் பட்டா வெடிக்கும். உயிரே போயிடும்.

[9:05] மாடி வீட்டு அக்கா: தடவிட்டேன். கறை இருக்கற நட்டுல சின்னச் சின்னதா நுரை வந்துக்கிட்டே இருக்கு. மத்த அஞ்சு இடத்துல இல்ல.

[9:09] காட்பாடி ஏசி அண்ணன்: நல்லதாப் போச்சு. அது ஃபிளேர் கசிவு, அதாவது பைப் வாயை விரிச்சு நட்டுல இறுக்கற இடத்துல கசியுது. பைப் வாயை அரை இஞ்சு வெட்டிட்டு, பிசிறு எடுத்து, புதுசா ஃபிளேர் பண்ணி, ரெண்டு துளி ஆயில் விட்டு, அளவோட முறுக்கற டார்க் ஸ்பேனர்ல முறுக்கணும். வெறும் ஸ்பேனர்ல பலம் கொண்டு இறுக்கினா வாய் கிழிஞ்சு மறுபடியும் கசியும். இதே கசிவு இண்டோர் காயிலுக்குள்ள இருந்திருந்தா நானே மாத்திடுங்கன்னு சொல்லியிருப்பேன். திறந்த சாக்கடை ஓரம், பாத்ரூம் காத்துக் குழாய் பக்கம் இருக்கற வீடுங்கள்ல அந்த சாக்கடை கேஸ் பட்டு காயில் காப்பர் கருத்து ஊசி ஊசியா ஓட்டை விழும். ஒண்ணை அடைச்சா பக்கத்துல இன்னொண்ணு வரும்.

[9:14] இபி சார்: ஏசி தம்பி சொல்றது சரி. மாத்தறதா வேணாமாங்கறதுக்கு மீட்டரையும் கேளுங்கம்மா. ரிப்பேர் ஆனதும் ஒரு நாள் ராத்திரி 10 மணிக்கு ரீடிங் குறிச்சுக்கங்க, காலையில 6 மணிக்கு இன்னொண்ணு. ஃபேன், பிரிட்ஜ் மட்டும் ஓடற ஒரு ராத்திரியையும் இதே மாதிரி எடுத்துக் கழிச்சா ஏசி தின்னது எவ்வளவுன்னு தெரியும். பழைய 1.5 டன்ல கம்ப்ரசர் ஓடும்போது மணிக்கு சுமார் 1.6 யூனிட். மே மாசம் மேல் மாடியில அது நிக்கவே நிக்காது. எட்டு மணி நேரத்துக்கு 11, 12 யூனிட் வச்சாலும் ரெண்டு மாச பில்லுல ஏசி மட்டுமே 600-ஐத் தாண்டும்.

[9:17] இபி சார்: 500 யூனிட்தான் கோடு. அதைத் தாண்டினா மேல இருக்கற யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுதுன்னு நினைக்காதீங்க. 101-லேருந்து 200 வரைக்கும் போடற ரேட்டே மாறிடும். பில் திடீர்னு குதிக்கறது அதனாலதான். இன்வெர்ட்டர் ஏசி ரூம் குளிர்ந்ததும் வேகத்தைக் குறைச்சு 500, 600 வாட்ஸ்ல மெதுவா ஓடும். வருஷத்துக்கு நாலஞ்சு மாசம் தினமும் போடற வீட்டுக்கு மாத்தறது நிச்சயம் லாபம். விருந்தாளி வந்தா மட்டும் போடற ரூமுக்கு ஃபிளேர் சரி பண்ணிட்டு ஓட்டுங்க.

[9:22] மாடி வீட்டு அக்கா: மாமியார் ரூம் சார். மார்ச்சுலேருந்து ஜூலை வரைக்கும் தினமும் ஓடும், பகல்லயும்.

[9:25] காட்பாடி ஏசி அண்ணன்: அப்போ ஃபிளேர் போட்டு இந்தக் கோடையை ஓட்டிட்டு, மழைக்காலத்துல ஆடு மாடு வாங்கற மாதிரி நிதானமா விசாரிச்சு மாத்துங்க. 2025 ஜனவரிலேருந்து ஆர்-22 போட்டு புது மெஷினே செய்யக்கூடாதுன்னு சட்டம். கேஸும் போகப் போகக் கிடைக்காது. பழைய மெஷின்ல, புது மெஷினுக்கான ஆர்-32 கேஸை அடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. அழுத்தம் ஒண்ணரை மடங்குக்கு மேல, ஆயிலும் வேற. அது நெருப்பு பிடிக்கற கேஸும் கூட.

[9:31] எதிர் வீட்டு தம்பி: புதுசு வாங்கினா அந்த ரூமுக்கு 1 டன் போதுமா? 130 சதுர அடிதான்.

[9:38] காட்பாடி ஏசி அண்ணன்: கீழ் வீடா இருந்தா போதும். மேல கான்கிரீட் தளம், மேற்கு சுவர், ரெண்டும் சேர்ந்தா 1.5 தான். டப்பா மேல போட்டிருக்கற டன் கணக்கு வெளிய 35 டிகிரி வச்சு அளந்தது. நம்ம வெயிலூர்ல மே மாசம் 40-க்கு மேல போகுது, மொட்டை மாடித் தரையில அதுக்கும் மேல. வெளிய சூடு ஏற ஏற மெஷின் தர்ற குளிர்ச்சி குறையும், இழுக்கற கரண்ட் கூடும். அதனால எந்த டிகிரி வரைக்கும் ஓடும், 43, 48-ல எவ்வளவு குளிர்ச்சி தரும்னு கடையில கேட்டு வாங்கணும். காயில் காப்பரான்னும் கேளுங்க.

[9:41] காட்பாடி ஏசி அண்ணன்: அவுட்டோரை மேற்கு வெயில்ல சுவரோட ஒட்டி வைக்காதீங்க. பின்னாடி ஒரு அடி, முன்னாடி மூணு அடி இடம் வேணும். மேல நிழல் போடலாம், சுத்தி அடைக்கக் கூடாது. அடைச்சா தான் விட்ட சூட்டைத் தானே இழுத்துக்கினு கிடக்கும். தளத்துக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சாலே ஏசிக்கு பாரம் குறையும்.

[9:48] இபி சார்: ஸ்டார் ஸ்டிக்கர்ல போட்டிருக்கற வருஷ யூனிட் 1600 மணி நேரக் கணக்கு. உங்க வீட்ல ஓடறது அதுக்கு மேலன்னா அந்த விகிதத்துல பெருக்கிக்கங்க. 2022 ஜூலையில ஸ்டார் கணக்கை இறுக்கினாங்க, அதனால பழைய 5 ஸ்டாரும் புது 5 ஸ்டாரும் ஒண்ணு இல்ல. ஸ்டாரைப் பார்க்காம ஐசீர் நம்பரைப் பாருங்க, தின்னற கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தருதுங்கற கணக்கு அது. வயரிங் 4 ஸ்கொயர் காப்பர், தனி லைன், 20 ஆம்ப் சி-டைப் எம்சிபி. இப்பவே பிளக் டாப்பைக் கழட்டிப் பாருங்கம்மா. ஊசி கருகி, பிளாஸ்டிக் மஞ்சளாயிருந்தா கனெக்‌ஷன் லூஸ்.

[9:55] காட்பாடி ஏசி அண்ணன்: மாட்ட வர்றப்போ ஒண்ணே ஒண்ணு கேளுங்க: வேக்கம் பம்ப் கொண்டாந்தீங்களா? சில பேர் அவுட்டோர் வால்வைக் கொஞ்சம் திறந்து உள்ள இருக்கற கேஸாலயே காத்தைத் தள்ளிட்டு முடிச்சிடறாங்க. காத்துல இருக்கற ஈரம் உள்ளயே தங்கும். புது ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கும், அமிலம் ஆகும், நாளடைவுல கம்ப்ரசர் வைண்டிங் எரியலாம். பம்ப் அரை மணி நேரம் ஓடணும். வெற்றிடம் அளக்கற மீட்டர்ல 500 மைக்ரானுக்குக் கீழ போகணும். அப்புறம் அணைச்சு பத்து நிமிஷம் முள்ளு ஏறாம நிக்கணும். அதுக்கப்புறம்தான் வால்வு. கேஸை எடை போட்டு ஏத்தணும், நேம்பிளேட்ல கிராம் போட்டிருக்கும். இன்வெர்ட்டர்ல பிரஷர் பார்த்து ஏத்தறது தப்பு. வேகம் மாற மாற பிரஷரும் மாறும்.

[10:10] கீழ் வீட்டு பெரியம்மா: எங்க ஏசியில தண்ணி ரூமுக்குள்ள சொட்டுது. இதுக்கும் கேஸா?

[10:13] காட்பாடி ஏசி அண்ணன்: இல்ல பெரிம்மா. டிரெயின் பைப்புல பாசி அடைச்சிருக்கும். வெளிய முனையில வாயை வச்சு ஊதாம, வேக்கம் கிளீனர் இருந்தா உறிஞ்சி எடுங்க, இல்லன்னா வெதுவெதுப்பா தண்ணி விடுங்க. பைப் எங்கியாவது மேல ஏறி இறங்குதான்னும் பாருங்க. சரிவு ஒரே பக்கமா இருக்கணும்.

[10:30] கீழ் வீட்டு பெரியம்மா: அப்படியே கீசரும் கேட்டுக்கறேன். தண்ணி காய நேரம் ஆகுது, உள்ள கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம்.

[10:36] வேலப்பாடி பிளம்பர் தம்பி: உப்பு பெரிம்மா. நம்ம போர் தண்ணி கடினம். எலிமெண்ட் மேல சுண்ணாம்பு ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருக்கும். அதுக்கு அடியில மாட்டிக்கிட்ட தண்ணி கொதிச்சு வெடிக்கறதுதான் அந்தச் சத்தம். சரியா இருக்கற 15 லிட்டர், 2000 வாட்ஸ் கீசர் 25 டிகிரி தண்ணியை 60-க்கு ஏத்த 18, 20 நிமிஷம்தான் எடுத்துக்கணும். 25 லிட்டர்னா அரை மணி.

[10:39] வேலப்பாடி பிளம்பர் தம்பி: எம்சிபி அணைச்சு, இன்லெட் மூடி, சுடுதண்ணிக் குழாயைத் திறந்துட்டு டேங்கை வடிக்கணும். எலிமெண்டைக் கழட்டி ஒரு லிட்டர் வெந்நீர்ல 100 கிராம் எலுமிச்சை உப்பு போட்டு ஊற வச்சா சுண்ணாம்பு பொரிஞ்சு உதிரும். பாத்ரூம் ஆசிட் ஊத்தாதீங்க, காப்பரையே தின்னுடும். கேஸ்கெட் புதுசு போடணும். கூடவே மெக்னீசியம் ராடைப் பாருங்க. டேங்கு துருப்பிடிக்காம தான் கரையறதுக்குன்னே வச்சிருக்கற கம்பி அது. உள் கம்பி தெரியற அளவு கரைஞ்சிருந்தா மாத்தணும். இதை வருஷம் ஒரு தடவை பார்த்தா டேங்கு ரொம்ப வருஷம் நிக்கும், பார்க்கலன்னா சீக்கிரமே ஒழுகும். சேஃப்டி வால்வு சொட்டுதுன்னு யாரும் அடைச்சிடாதீங்க, அது அழுத்தம் வெளியேறற வழி.

[10:44] இபி சார்: கீசர், ஏர்கூலர் ரெண்டுக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே அணையற சுவிட்ச், கட்டாயம். தகர பாடி கூலர்ல எர்த் இல்லாம தண்ணி ஊத்தறது ஆபத்து. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் வச்சிருக்கற வீடு இருந்தா இன்னைக்கே வெளிய மாத்துங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

[10:52] மாடி வீட்டு அக்கா: பிளக் டாப் கழட்டிப் பார்த்தேன் சார், ஒரு ஊசி கருத்திருக்கு. ஏசியை அணைச்சே வச்சிருக்கேன். அண்ணே, எப்போ வர்றீங்க?

[10:55] காட்பாடி ஏசி அண்ணன்: ஞாயித்துக்கிழமை காலையில 7 மணிக்கு, வெயில் ஏறறதுக்குள்ள. பம்ப், எடை மெஷின், நைட்ரஜன் எடுத்துக்கினு வர்றேன். மொட்டை மாடியில ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் வேணும் அக்கா.

[10:56] இபி சார்: பிளக்கை மாத்த எலக்ட்ரீஷியனை நாளைக்கே அனுப்பறேன்மா. அதுவரைக்கும் போடாதீங்க.