வேகமாக எழுதினால் கர்சிவ் கலைந்துபோகிறது, நானே திருத்திக்கொள்ள வழி உண்டா?

மெயின்ஸ்வாசி:
வணக்கம். குரூப் 1 மெயின்ஸுக்குப் படிக்கிறேன், ஆங்கிலத்தில், அதுவும் எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கர்சிவில் எழுதுகிறேன். மாதிரித் தேர்வுத் தாள் திருத்தி வரும்போதெல்லாம் ஓரத்தில் 'எழுத்து புரியவில்லை' என்று ஒரு சிவப்பு மைக் குறிப்பு. மெதுவாக எழுதினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று மணி நேரத் தாளில் முதல் மணி தாண்டியதும் எம், என், யூ எல்லாம் ஒரே அலையாகிவிடுகின்றன. காப்பி ரைட்டிங் புத்தகம் வாங்கி எழுதினேன். புள்ளி மேல் எழுதும்போது அழகாக வருகிறது, வெற்றுத் தாளுக்கு வந்தால் பழைய கதைதான். கிளாஸ் போக நேரமில்லை.

நாலுகோடு டீச்சர்:
தம்பி, நான் தொடக்கப்பள்ளியில் பல வருடம் காப்பி நோட்டு திருத்தியவள். அந்தப் புள்ளிப் புத்தகத்தைப் பரணில் போடுங்கள். அதில் கண் புள்ளியைத் துரத்துகிறது, கையில் ஒன்றும் பதிவதில்லை.

வேகமாக எழுதிய பழைய விடைத்தாள் ஒன்றை எடுங்கள். கலைந்த பக்கம்தான் வேண்டும். எல், எச், கே என்று உயரமான எழுத்துகளின் தண்டு மேல் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து மேலே நீட்டுங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சாய்வில் குறையில்லை. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் பெரும்பாலும் தாள் வைத்த விதம்தான் காரணம். வலது கைக்காரர் தாளின் மேல்முனையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். பல பேர் மேசை விளிம்புக்கு நேராக வைத்துவிட்டு, வரி முடிய முடிய மணிக்கட்டை முறுக்குகிறார்கள்.

அப்புறம் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். வரி வரியாகப் புடைத்திருந்தால் அழுத்தி எழுதுகிறீர்கள். முதல் மணிக்குப் பிறகு கை சோர்ந்து எழுத்து கலைய அதுவே போதும். ஜெல் பேனாவோ மைப் பேனாவோ என்றால் அழுத்தாமலே மை இறங்கும்.

உங்கள் அலைக்கு ஒரே சொல்: 'மினிமம்'. ஆங்கிலத்தில் எழுதினால் அதில் மேலிருந்து கீழே இறங்கும் கோடுகள் 15. நாலு கோடு நோட்டில் நடு இரண்டு கோட்டுக்குள் எழுதிவிட்டு, 15-ஐயும் தனித்தனியாக எண்ண முடிகிறதா, இடைவெளி சமமா என்று பாருங்கள். எம், என் இரண்டுக்கும் வளைவு மேலே, யூ-வுக்குக் கீழே. வேகத்தில் இரண்டு வளைவும் கூராகிவிடும், அதனால்தான் எது எதுவென்று தெரியாமல் போகிறது. ஐ-க்குப் புள்ளி அதன் தலைக்கு நேரே விழ வேண்டும், அடுத்த எழுத்தின் தலையில் அல்ல.

ஓ, வி, டபிள்யூ மூன்றும் அடுத்த எழுத்தோடு மேலேயே இணைபவை. இணைப்பைக் கீழே இறக்கினால் ஓ என்பது ஏ-வாகத் தெரியும்.

ஒரு வாரத்துக்கு ஒரு குறை மட்டும். தினம் கால் மணி நேரம் போதும். எழுதியதை மறுநாள் பாருங்கள். உடனே பார்த்தால் என்ன எழுதினோம் என்று மனசுக்குத் தெரியும், கண் கோணலை மன்னித்துவிடும்.

வேலூர்க்காரன்:
தேர்வுக்குத்தானே? கர்சிவையே விட்டுவிடுங்கள். தனித்தனி எழுத்தாக எழுதினால் யாருக்கும் புரியும்.

நாலுகோடு டீச்சர்:
பரீட்சை நெருங்கும்போது எழுதும் முறையையே மாற்றினால் வேகம் விழும், வேலூர்த் தம்பி. வேண்டுமானால் கேபிடல் எழுத்துகளை மட்டும் அச்சு வடிவில் எழுதட்டும். அந்தச் சுழிகளால் ஒரு பயனும் இல்லை.

இடதுகைப் பெண்ணின் அம்மா:
டீச்சர், என் மகள் ஐந்தாம் வகுப்பு, இடது கை. எழுதியதைக் கையே தேய்த்து அழித்துவிடுகிறது. நோட்டை அவளும் இடப்பக்கம்தான் சாய்க்க வேண்டுமா?

நாலுகோடு டீச்சர்:
இல்லைம்மா, அவளுக்கு வலப்பக்கம். பேனாவை முனையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், கை வரிக்குக் கீழேயே இருக்கட்டும். எழுத்து சாயாமல் நேராக நின்றால் விட்டுவிடுங்கள், அதற்காகத் திட்ட வேண்டாம். சட்டென்று காயும் மையாகப் பார்த்து வாங்குங்கள்.

மெயின்ஸ்வாசி:
தடவிப் பார்த்தேன் டீச்சர். புடைப்பு என்ன, கீழிருந்த தாளிலும் தடம் விழுந்திருக்கிறது. சாய்வு ஓரளவு சரிதான். இந்த வாரம் பேனா அழுத்தம், அடுத்த வாரம் 'மினிமம்'.

வேலூர்க்காரன்:
பேனா வாங்கும் முன் ஹால் டிக்கெட்டில் எந்தப் பேனா, எந்த நிறம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். பால்பாயிண்ட் மட்டும் என்றிருந்தால் அதிலேயே பழக வேண்டியதுதான்.