மாமாவின் கண் புற்றுநோயும் ஜி புரோட்டீனும்: இலையை அரைத்துக் கொடுக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை ராசு
வணக்கம். என் தாய்மாமாவுக்குக் கண்ணின் உள்ளே மெலனோமா, அதாவது நிறமிச் செல்லில் வரும் புற்றுநோய். போன வருடம் கதிர்வீச்சுத் தகடு வைத்தார்கள், கட்டி சுருங்கிவிட்டது, கண்ணும் தப்பியது. ஜீன் ரிப்போர்ட்டில் ஜி.என்.ஏ.கியூ., கியூ209எல் என்று போட்டிருந்தது. டாக்டரிடம் கேட்டால் "அது இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இப்போது ஊர் குரூப்பில் மலையாளத்தில் ஒரு மெசேஜ் சுற்றுகிறது. சிவப்புக் காய் காய்க்கும் ஏதோ அழகுச்செடியின் இலையில் இந்த ஜி புரோட்டீனை அடைக்கும் மருந்து இருக்கிறதாம், அரைத்துக் குடித்தால் போதுமாம். அத்தை செடி தேடக் கிளம்பிவிட்டார். இதில் ஏதாவது உண்மை உண்டா?

சித்தூர் லேப் அக்கா
முதலில் அத்தையை நிறுத்துங்கள் தம்பி, மற்றதை அப்புறம் பேசுவோம்.

மெசேஜில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. செடியின் பெயர் ஆர்டீசியா கிரெனேட்டா, ஜப்பான், சீனா பக்கத்துச் செடி. அதன் இலையிலிருந்து 1988ல் எஃப்.ஆர்.900359 என்ற பொருளைப் பிரித்தார்கள். உண்மையில் அதைச் செய்வது செடி இல்லை, இலை ஓரத்து முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஜி.என்.ஏ.கியூ. என்பது ஜி.கியூ. என்ற ஜி புரோட்டீனைச் செய்யும் ஜீன். ஆழியாறு தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் நமக்கு மதகு தெரியும். ஜி புரோட்டீன் தானே மூடிக்கொள்ளும் மதகு. வெளியிலிருந்து சிக்னல் வந்தால் குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்துத் திறக்கும், பிறகு அதைத் தானே வெட்டி மூடிக்கொள்ளும். அந்தப் புரோட்டீனின் 209ஆம் இடத்தில் குளூட்டமின் போய் லியூசின் வந்தால் (அதுதான் கியூ209எல்) அந்த வெட்டும் வேலை கெட்டுவிடும், அதனால் வளரு வளரு என்ற கட்டளை நிற்காமல் ஓடுகிறது. கண்ணின் உள்ளே வரும் மெலனோமாக்களில் பத்தில் எட்டுக்கு மேல் இந்த ஜீனிலோ அதன் ஜோடியான ஜி.என்.ஏ.11லோ இப்படி ஒரு மாற்றம் இருக்கும். டாக்டர் சொன்னது சரிதான், கொஞ்சம் விளக்கியிருக்கலாம்.

இப்படிக் கெட்டுப்போனதை எந்த மருந்தும் மூடாது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2018ல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு இந்த எஃப்.ஆர். பொருளைக் கண் மெலனோமா செல்களில் போட்டுப் பார்த்தது. அது டைபாஸ்பேட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அதாவது மூடிய நிலையிலேயே பூட்டிவிடும். மாற்றம் அடைந்த புரோட்டீனும் எப்போதாவது மூடுகிறது போலும், அந்த நேரத்தில் பிடிபட்டுவிடுகிறது. செல்கள் பெருகுவதை நிறுத்தி, சாதாரண நிறமிச் செல் மாதிரி மாற ஆரம்பித்தன. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆனால் நடந்தது தட்டில் வளர்த்த செல்லில், மனிதரில் இல்லை.

வேலந்தாவளம் மணி
அப்படியென்றால் சுத்தமாக்கி ஊசியாகப் போட்டால் என்ன அக்கா? பல வருடமாகத் தெரிந்த பொருளை ஏன் இன்னும் மருந்தாக்கவில்லை, கம்பெனிக்காரர்கள் அமுக்கிவிட்டார்களா?

சித்தூர் லேப் அக்கா
அமுக்கவெல்லாம் இல்லை. அதே ஜி.கியூ. புரோட்டீன்தான் ரத்தக்குழாய்ச் சுவரைச் சுருக்கிப் பிடித்து பிரஷரைத் தாங்குகிறது. உடம்பு முழுக்க அடைத்தால் கட்டி நிற்கும் முன்னே பிரஷர் விழுந்துவிடும். இலையை அரைத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்றுகூடத் தெரியாது. அதனால்தான் மருந்தை ஆன்டிபாடியில் (ஒரு குறிப்பிட்ட அடையாளத்தில் மட்டும் ஒட்டும் புரோட்டீன்) கட்டி, நிறமிச் செல் மேல் இருக்கும் பி.எம்.இ.எல்.17 என்ற அடையாளத்தைத் தேடிப் போகும்படி செய்கிறார்கள். நோவார்டிஸின் டி.ஒய்.பி.688 இந்த வகை, மனிதர்களில் ஆரம்பக் கட்டச் சோதனைக்குப் போன மருந்து.

கொழிஞ்சாம்பாறை ராசு
நன்றி அக்கா. மாமா பிரஷருக்கு லோசார்டன் போடுகிறார். அதுவும் ஜி புரோட்டீன் சமாசாரம் என்று படித்தேன், அதனால் கட்டிக்கு ஏதும் பலன் உண்டா?

சித்தூர் லேப் அக்கா
நல்ல கேள்வி. லோசார்டன் தடுப்பது ஜி.கியூ.வுக்கு மேலே இருக்கும் ஏற்பியை, அதாவது வெளிச் சிக்னலை வாங்கும் புரோட்டீனை. மாமாவின் கட்டியில் அந்த ஏற்பி சொல்லித்தான் எதுவும் நடக்க வேண்டும் என்றில்லை, கோளாறு அதற்குக் கீழே. அதனால் கட்டிக்குப் பலன் இல்லை. பிரஷருக்கு வேண்டும், நிறுத்திவிடாதீர்கள்.

இதைவிட முக்கியம் கல்லீரல். இந்தப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் அங்கேதான் போகும், கண் நன்றாக இருக்கும்போதே, வருடங்கள் கழித்தும். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் ஸ்கேன் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், அவருக்கு நேரமில்லை என்றால் ரிப்போர்ட்டோடு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்தில் இன்னொரு கருத்து கேளுங்கள். பரவினால் டெபென்டாஃபஸ்ப் என்று ஒரு ஊசி உண்டு, அமெரிக்காவில் 2022 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. எச்.எல்.ஏ. (செல்லின் மேல் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும் அடையாளப் புரோட்டீன்) ஏ2 வகையில் 02:01 உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது, ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும். இப்போதைக்கு மாமாவுக்கு அது வேண்டாம்.

அத்தையிடம் "பிரஷர் விழுந்துவிடும்" என்று மட்டும் சொல்லுங்கள், புரோட்டீன் கதையெல்லாம் வேண்டாம்.