16 ஜிபியை 32 ஆக்கியதிலிருந்து நீலத்திரை: ரேமா, கரண்டா?

அச்சுப்பையன் (யாங்கோன்):
அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் இந்த மெஷினில்தான் அடிக்கிறேன். ரைசன் 5 3600, பி450 போர்டு. இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இருந்தது. படம் அதிகம் வைத்தால் இழுக்கிறது என்று இன்னும் இரண்டு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். பழையதும் 3200, புதியதும் 3200. மெஷின் தொடங்கும்போது வரும் பயாஸ் செட்டிங்கில் 32 ஜிபி சரியாகக் காட்டுகிறது.

அன்றிலிருந்து நிம்மதி போச்சு. ஒரு தரம் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று நீலத்திரை, இன்னொரு தரம் வேறு பெயரில். பிரவுசர் தானாக மூடிக்கொள்கிறது. ஜிப் பிரித்தால் சிஆர்சி பிழை, அதாவது உள்ளே டேட்டா ஒத்துப்போகவில்லை என்கிறது. அதே ஜிப்பை மறுபடி பிரித்தால் ஒழுங்காக வருகிறது. தீமிதி நோட்டீஸ் சேவ் பண்ணின ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது. கடையில் "கரண்ட் ஏறி இறங்குது, யுபிஎஸ்ஸை மாத்து" என்கிறார்கள். யுபிஎஸ் வாங்கவா, விண்டோஸை மறுபடி போடவா?

ஈயப்பற்று (மோல்மீன்):
தம்பி, இரண்டும் வேண்டாம். ரேம் சரியில்லாதபோது விண்டோஸ் போட்டால் புது விண்டோஸும் கெட்டுத்தான் இறங்கும். கரண்ட் கோளாறு என்றால் பெரும்பாலும் மெஷின் படக்கென்று அணையும், இல்லை ரீஸ்டார்ட் ஆகும். ஒரே ஜிப் ஒரு தரம் பிழை, அடுத்த தரம் சரி என்றால் டிஸ்கில் இருப்பது நல்ல ஃபைல்தான். ரேமுக்கு வந்தபிறகுதான் எங்கேயோ ஒரு பிட் புரள்கிறது. எனக்கு ரேம் மேல்தான் சந்தேகம்.

முதலில் வேலை ஃபைல் எதையும் இந்த மெஷினில் திறந்து சேவ் பண்ணாதே. பயாஸில் எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் லேபிளில் உள்ள வேகத்தில் ஓட்டும் செட்டிங், ஆன் பண்ணியிருக்கிறாயா? சில போர்டில் அதற்கு டிஓசிபி என்று பெயர் இருக்கும். அப்புறம் புது ஸ்டிக்கைக் கழற்றி, லேபிளில் உள்ள சின்ன எழுத்தை அப்படியே எழுது.

அச்சுப்பையன்:
எக்ஸ்எம்பி ஆன்தான் அண்ணே, முதலிலிருந்தே. பழைய ஸ்டிக்கில் 3200, 16-18-18-38, 1.35 வோல்ட் என்று இருக்கிறது. புதியதில் ‘1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ’, 1.2 வோல்ட்.

ஈயப்பற்று:
அகப்பட்டது. அந்த ‘ஏஏ’ என்றால் சிஎல் 22. சிஎல் என்பது 16-18-18-38 மாதிரி டைமிங் வரிசையில் முதல் எண். உன் பழைய ரேம் சிஎல் 16. வேகம் இரண்டுக்கும் 3200தான். ஆனால் கேட்டதை எடுத்துக் கொடுக்க ஒன்று 16 கிளாக் எடுக்கும், மற்றது 22 கேட்கும். நாலு ஸ்டிக்கும் ஒரே டைமிங்கில்தான் ஓட முடியும். போர்டு பழையதின் எக்ஸ்எம்பியை எடுத்து நாலுக்கும் போட்டிருக்கும். புதியது அந்த ஓட்டத்துக்குச் செய்த சரக்கே இல்லை. ரேம் கெட்டது என்று இப்போதே சொல்லிவிடாதே.

ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பிளஸ் புரோகிராம் இலவசம். யுஎஸ்பியில் போட்டு, அதிலிருந்து பூட் பண்ணு. எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணிவிட்டு, புது ஸ்டிக்கை ஒவ்வொன்றாக, ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதி. 32 ஜிபியையும் சேர்த்து ஓட்டினால் பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கணும். 8 ஜிபி மட்டும் என்றால் சீக்கிரம் முடியும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான்.

மல்லிகா_அக்கா (யாங்கோன்):
தம்பி, இன்னொன்றையும் பார்க்கணும். ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி 3200 என்று சொல்வது இரண்டு ஸ்டிக்குக்கு. ரேங்க் என்றால் ஸ்டிக்கில் ஒன்றாக வேலை செய்யும் சிப் தொகுதி. நாலு ஸ்டிக் போட்டால், அவை சிங்கிள் ரேங்காக இருந்தால் 2933; டூயல் ரேங்க் என்றால் 2667. உன் புதியதில் ‘1ஆர்’ இருக்கிறதே, அது சிங்கிள் ரேங்க். பழையதைச் சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமில், ஒவ்வொரு ஸ்டிக்கின் விவரமும் காட்டும் எஸ்பிடி பக்கத்தில் பார். ஆக டைமிங் சரியானாலும் 3200இல் நாலும் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

யாராவது பயாஸ் அப்டேட் பண்ணச் சொன்னால் நம்ம ஊர் கரண்டை நம்பி இறங்காதே. பாதியில் அணைந்தால் போர்டே போய்விடும். யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது மட்டும்தான் அப்டேட் பண்ணணும்.

அச்சுப்பையன்:
புது ஸ்டிக் இரண்டும் தனித்தனியாகப் பிழை இல்லாமல் முடிந்தது. நாலையும் போட்டு எக்ஸ்எம்பி ஆன் பண்ணினேன். கொஞ்ச நேரத்திலேயே சிவப்புச் சிவப்பாக வரி விழுந்தது. பழையதும் சிங்கிள் ரேங்க்தான். எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணி, வேகத்தை 2933 என்று வைத்து, டைமிங் 21-21-21 கொடுத்து இரவு முழுக்க இன்வெர்ட்டரில் ஓட்டினேன். பிழை ஒன்றும் இல்லை.

ஈயப்பற்று:
அப்படியே விட்டுவிடு. பத்திரிகை வேலைக்கு 3200க்கும் 2933க்கும் வித்தியாசம் கையில் தெரியாது. 16 ஜிபி கூடினதுதான் தெரியும். இனி அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘sfc /scannow’ ஓட்டு, கெட்டுப்போன விண்டோஸ் ஃபைலைச் சரிபண்ணும். ஆனால் உன் சொந்த ஃபைலை அது பார்க்காது. புது ரேம் போட்ட நாளிலிருந்து சேவ் பண்ணின ஒவ்வொன்றையும் திறந்து பார். திறக்காததற்கு அதற்கு முந்தின பேக்கப்பை எடு.

அச்சுப்பையன்:
நோட்டீஸின் பழைய காப்பி பென்டிரைவில் இருக்கிறது அண்ணே, இப்போதுதான் திறந்தேன், நன்றாக இருக்கிறது. தேதியும் உபயதாரர் பெயரும் மட்டும் மறுபடி அடிக்கணும். அக்காவுக்கும் நன்றி.