பழைய வீட்டுத் தரகருக்கும் ரெரா பதிவு வேண்டுமா?

தாம்பரத்தான்:
பழைய வீடு பார்த்துக் கொடுத்த தரகர் எங்களிடம் 2 சதவீதம் கமிஷன் வாங்கினார். விற்றவரிடமும் வாங்கியிருக்கிறார் என்பது பத்திரப்பதிவு அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களிடம் "குறைச்சுப் பேசறேன்" என்றவர், அவரிடம் "ஏத்தித் தரேன்" என்றிருக்கிறார்! வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால் அங்கே வழியில்லை. 2016 ரெரா சட்டத்தின் 9ஆம் பிரிவு, ரெராவில் பதிவான திட்டத்தில் புரமோட்டர் (திட்டத்தை உருவாக்கி விற்பவர்) விற்கும் மனைக்கும் ஃபிளாட்டுக்கும்தான் தரகர் பதிவைக் கட்டாயமாக்குகிறது. மறுவிற்பனை வெளியே. எல்லாத் தரகரையும் உள்ளே இழுக்க வேண்டும் என்கிறேன்.

மனைத்தரகன்:
சார், நான் இதே தொழில்தான். ரெண்டு பக்கமும் வாங்குவது ஊரறிந்த வழக்கம். மறைத்தது தப்பு, வாங்கியது தப்பில்லை. டீக்கடையில் உட்கார்ந்து "அந்தத் தெருவில் ஒரு வீடு வருது" என்று சொல்கிறவரும் பதிவு பண்ணணுமா? கட்டணம், கணக்குப் புத்தகம், ஆடிட்டர் என்று போனால் சின்ன ஆட்கள் காலி. பெரிய கம்பெனிகள்தான் மிஞ்சும். அவர்கள் கமிஷனைக் குறைப்பார்களா?

தாம்பரத்தான்:
டீக்கடைக்காரரை விடுங்கள். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 1.2 லட்சம். ரெண்டு பக்கமும் சேர்த்து 2.4 லட்சம். இவ்வளவு வாங்குகிறவர் ஒரு ரசீது தர மாட்டாரா?

ஜூரோங்வாசி:
சிங்கப்பூரில் 2010லேயே சிஇஏ என்ற அமைப்பை வீட்டுத் தரகர்களைக் கண்காணிக்கவென்றே கொண்டுவந்துவிட்டார்கள். தேர்வில் தேறினால்தான் ஏஜெண்ட் ஆக முடியும். ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் ஏஜெண்டாக நிற்கத் தடை. ஏஜெண்டின் போன் நம்பரைப் போட்டாலே பதிவு இருக்கிறதா என்று இணையத்தில் தெரிந்துவிடும்.

மனைத்தரகன்:
அங்கே நில ஆவணம் சுத்தம் சார். இங்கே பட்டா ஒருவர் பெயரில், பத்திரம் இன்னொருவர் பெயரில், அனுபவிப்பவர் மூன்றாமவர். அண்ணன் தம்பி பாகத் தகராறு வில்லங்கச் சான்றில் வராது, எங்களுக்குத்தான் தெரியும். பரீட்சை எழுதினால் இதெல்லாம் வந்துவிடுமா?

கறுப்புக்கோட்டு:
மகாராஷ்டிராவில் 2023இல் பயிற்சியும் தேர்வும் கொண்டுவந்தார்கள், தொழில் ஒன்றும் அழிந்துவிடவில்லை. முதலில் இருக்கிற சட்டத்தைப் பாருங்கள். 10ஆம் பிரிவுப்படி பதிவில்லாத திட்டத்தைத் தரகர் விற்றுத்தரக் கூடாது, இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. மீறினால் 62ஆம் பிரிவில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், சேர்ந்து சேர்ந்து சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இலவச வேனில் சைட் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் தரகரின் பதிவு எண்ணைக் கேட்கிறார்கள்? வேனில் சாம்பார் சாதம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள்.

மறுவிற்பனைக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு செய்த சேவை என்று வழக்குப் போடலாம். கமிஷன் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான்.

மனைத்தரகன்:
சரி, ரசீது கட்டாயம் என்றால் எனக்குச் சம்மதம். பரீட்சை வேண்டாம்.

தாம்பரத்தான்:
எந்தப் பக்கம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று முன்கூட்டியே இருவருக்கும் எழுதிக் கொடுப்பீர்களா?

மனைத்தரகன்:
கொடுத்தால் ரெண்டு பேரும் என் கமிஷனில் பேரம் பேசுவார்களே சார்.

தாம்பரத்தான்:
அதற்காகத்தானே கேட்கிறேன்.